ஆற்று மீனும் நம் கடமையும்

பால்வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்த பின், தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரைக்குச் செல்வது தோட்டப் பாட்டாளிகளாகிய நம்மிடையே நெடுநாளாக உள்ள வழக்கமாகும். அது களைப்பைப் போக்கும். குழம்புக்கு மீனும் கிடைக்கும். இவ்வின்பம் நம் பிள்ளைகளுக்கும் கிட்ட வேண்டுமாயின், மீன்பிடி விதிகளின் காரணத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பால்மரம் கற்பிக்கும் பாடம்

பால்மரத்தை நாம் அளவறிந்து வெட்டுகிறோம். கத்தி ஆழமாகப் பாய்ந்து மரத்தைக் காயப்படுத்தினால், புதுப்பட்டை சீராக வளராது. ஆறும் அத்தகையதே. மழையால் ஆறு பெருகுங்காலத்தில் பல இன மீன்கள் முட்டையிட மேலாற்றுக்கு ஏறுகின்றன. அப்பொழுது ஒரு சினை மீனைப் பிடிப்பது, பிறக்கவிருக்கும் பல்லாயிரம் குஞ்சுகளை இழப்பதாகும். கெலா போன்ற மீன்கள் மெதுவாகவே வளர்வதால், அவற்றின் இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும்.

தவிர்க்க வேண்டியவை

1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதைத் தடை செய்கிறது. தூபா வேரின் சாறு சிறிதும் பெரிதும் பாராமல் மீன்களை மூச்சடைத்துக் கொல்லும். பேட்டரி மின்சாரமோ மீனை மட்டுமன்றி, நீரில் நிற்பவரின் உயிரையும் பறிக்கக் கூடும். ஒரு வேளைக் குழம்புக்காக ஒரு குடும்பம் தன் தலைவனை இழப்பது தகுமா?

ஆற்று மீன்பிடிப்பு மாநில அதிகாரத்தைச் சேர்ந்தது. ஆதலால் உரிமம், வலைக்கண்ணின் அளவு, தடை செய்யப்பட்ட பகுதி ஆகியவை பற்றிய விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

சபா காட்டும் வழி

சபா மாநிலக் கிராம மக்கள் 'தாகால்' எனும் முறையைக் கடைப்பிடிக்கின்றனர். கடசான்டூசுன் மொழியில் இச்சொல்லுக்குத் தடை என்பது பொருள். அவர்கள் ஆற்றை மூன்றாகப் பிரிக்கின்றனர். சிவப்புப் பகுதியில் மீன்பிடித்தல் கூடாது. மஞ்சள் பகுதியில் குறித்த காலத்தில் மட்டும் பிடிக்கலாம். பச்சைப் பகுதியில் விதிகளுக்கு உட்பட்டு எப்பொழுதும் பிடிக்கலாம். ரானாவ் வட்டாரத்தின் மொரோலி ஆற்றில் இவ்வாறு காக்கப்பட்ட மீன்கள், நீரில் இறங்குவோரின் கால்களை மொய்க்கும் காட்சியைக் காணப் பயணிகள் வருகின்றனர். அதனால் கிராமத்துக்கு வருவாயும் கிடைக்கிறது. மீன்பிடிப்பை முற்றாக விலக்காமலே மீன்களைப் பெருக்க இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

நாம் செய்யத்தக்கவை

1. தேவைக்கு மேல் பிடிக்காதிருப்போம்.

2. சிறு மீனையும் சினை மீனையும் திரும்ப ஆற்றில் விடுவோம். கையை நனைத்த பின்னரே மீனைத் தொடுவோம். செவுளைத் தொடாமல் முள்ளைக் கழற்றுவோம். மீன் தெளிந்து தானே நீந்தும் வரை, அதன் தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருப்போம்.

3. களைக்கொல்லி மருந்துக் கலன்களை ஆற்றில் கழுவாதிருப்போம்.

4. நஞ்சிடுவோரையோ மின்சாரம் பாய்ச்சுவோரையோ கண்டால் மீன்வளத் துறைக்கு அறிவிப்போம்.

இன்று நாம் விட்டுவைக்கும் மீனே நாளை நம் பிள்ளைகளின் தூண்டிலில் துள்ளும்.