ஸ்பீக்கர் முனையில் நிற்கும் 128 மில்லிவோல்ட்

கேள்வி: டிப்ளமோ இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்காக ஐ.சி. இல்லாமல், தனித்தனி டிரான்சிஸ்டர்களை வைத்தே ஓர் ஆம்ப்ளிஃபையர் செய்தேன். முன்னால் இரண்டு பி.சி.547, கடைசியில் 2என்3055-உம் எம்.ஜே.2955-உம். டிரான்ஸ்பார்மர் 18-0-18. பாட்டு நன்றாகக் கேட்கிறது. ஆனால் பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கர் முனையில் மீட்டர் 128 மில்லிவோல்ட் டி.சி. காட்டுகிறது. அப்பாவுடன் ஆலையில் வேலை செய்யும் ஒருவர், "டிரான்சிஸ்டர் ஜோடி சரியில்லை, ஸ்பீக்கர் எரிந்துவிடும், போர்டையே தூக்கிப் போடு" என்கிறார். ஸ்பீக்கர் மாமாவுடையது. சர்க்யூட் படத்தை இணைத்திருக்கிறேன். என்ன செய்வது ஐயா?
- ச.வி., ஒரகடம்

பதில்: தம்பி, மாமாவின் ஸ்பீக்கருக்கு இந்த 128 மில்லிவோல்ட்டால் ஒன்றும் ஆகாது. 8 ஓம் ஸ்பீக்கரின் கம்பிச்சுருளை மீட்டரில் அளந்தால் 6 ஓம் அளவுதான் இருக்கும். அதில் ஓடுவது 20 மில்லியாம்ப் சொச்சம். சூடாக மாறுவது 3 மில்லிவாட்டுக்கும் குறைவு. ஸ்பீக்கரை எரிப்பது வேறு. கடைசி டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆகி, சப்ளையின் 24 வோல்ட்டும் நேரே ஸ்பீக்கரில் விழுந்தால் சில நொடிகளில் சுருள் கருகும். அந்த ஆபத்துக்குத் தனி ரிலே பாதுகாப்பு உண்டு; அதையும் கட்டாயம் சேருங்கள். உங்கள் 128-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போர்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

இனி, அந்த 128 எங்கிருந்து வருகிறது? உங்கள் படத்திலேயே விடை இருக்கிறது. முன்னால் உள்ள இரண்டு பி.சி.547-உம் ஒரு தராசின் இரு தட்டுகள். ஒரு பேஸில் பாட்டு வருகிறது. மற்றொன்றில் வெளியீட்டிலிருந்து ஃபீட்பேக் (பின்னூட்டு) வருகிறது. இரண்டும் சமமாகும் வரை ஆம்ப்ளிஃபையர் தன் வெளியீட்டை நகர்த்திக்கொண்டே இருக்கும். டிரான்சிஸ்டருக்கு பேஸ் கரன்ட் (உள்வாயில் நுழையும் சிறு மின்னோட்டம்) என்ற தீனி வேண்டும். ஒவ்வொன்றிலும் 1 மில்லியாம்ப் ஓடும்படி வைத்திருக்கிறீர்கள். பெருக்கம் 200 என்று கொண்டால் பேஸுக்கு 5 மைக்ரோஆம்ப் போகும். பாட்டுப் பக்கம் அது 22 கிலோ ஓம் வழியாக வருகிறது: 110 மில்லிவோல்ட் இழப்பு. ஃபீட்பேக் பக்கம் 47 கிலோ ஓம் வழியாக வருகிறது: 235 மில்லிவோல்ட் இழப்பு. வித்தியாசம் 125. பேஸ்கள் சமமாக நிற்க, வெளியீடு அந்த 125-ஐ ஏற்றிக் கொடுக்கிறது. மிச்சம் 3 மில்லிவோல்ட்தான் ஜோடிப் பொருத்தத்தின் பங்கு.

நம்பிக்கை வராவிட்டால் அளந்து பாருங்கள். உள்ளீட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்யுங்கள். உங்கள் படத்தில் உள்ளீட்டில் கெபாசிட்டர் இருப்பதால் டி.சி. கெடாது. ஸ்பீக்கரைக் கழற்றி, 10 நிமிடம் சூடாகவிட்டு, அந்த இரண்டு ரெசிஸ்டர்களின் குறுக்கேயும் தனித்தனியே மீட்டரை வையுங்கள். பெருக்கம் கொஞ்சம் முன்பின் இருந்தால் எண்களும் முன்பின் இருக்கும். ஆனால் அவற்றின் வித்தியாசம் ஸ்பீக்கர் முனையில் நிற்கும் அளவை ஒட்டியே வரும்.

வைத்தியம் ஒரு ரெசிஸ்டர்தான். 22 கிலோ ஓமை எடுத்துவிட்டு 47 கிலோ ஓம் வையுங்கள். இரு பக்கமும் இழப்பு சமமானால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். வெயில் ஏறி பெருக்கம் கூடினாலும் இரு பக்கமும் சேர்ந்தே மாறுவதால், மே மாதத்துத் தகரக் கூரைக்கு அடியிலும் இந்தச் சமநிலை பெரிதாகக் கெடாது.

ஃபீட்பேக்கிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைப் (மின்தேக்கி) பலர் சந்தேகிப்பார்கள். டி.சி.க்கு ஆம்ப்ளிஃபையரின் பெருக்கத்தை ஒன்றாகக் கட்டிவைப்பது அதுதான். அது ஷார்ட் ஆகியிருந்தால் உங்கள் 47-க்கு 2.2 கிலோ ஓம் கணக்கில் பெருக்கம் 22 ஆகி, வெளியீடு இரண்டு வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருக்கும். நீங்கள் பார்ப்பது மில்லிவோல்ட். அதைத் தொடாதீர்கள்.

ஆலைக்காரர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை வந்ததிலிருந்து, ரீலில் வரும் பொடி டிரான்சிஸ்டர்களை இயந்திரம் எடுத்துவைப்பதை இந்தப் பகுதி பார்த்துவருகிறது. உங்கள் பி.சி.547-இன் பொடி வடிவம்தான் பி.சி.847. அதையே ஒரே உறையில் ஜோடியாக, 2 மில்லிவோல்ட்டுக்குள் பொருந்தும்படி விற்கிறார்கள். நீங்கள் அதற்குப் போக வேண்டாம். ஒரே ரகத்தில் பத்து பி.சி.547 வாங்கி, மீட்டரின் டிரான்சிஸ்டர் குழியில் பெருக்கம் பார்த்து நெருங்கிய இரண்டை எடுங்கள். விரலால் பிடித்தபடி அளக்காதீர்கள். ஒரு டிகிரி சூட்டுக்கு 2 மில்லிவோல்ட் நகரும். இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டி, சூட்டுக் குழாய் ஒன்றைப் போர்த்துங்கள்.

கடையில் கேட்டால் ஒரு ப்ரீசெட் (திருகு மின்தடை) போட்டுத் திருகிப் பூஜ்யமாக்கச் சொல்வார்கள். இப்போது வேண்டாம். இரண்டு எமிட்டர்களுக்கும் நடுவே வைக்கும் ப்ரீசெட்டின் நடுக்கால் என்றாவது தொடர்பு விட்டால் முன்பக்க ஜோடிக்கு மின்னோட்டமே நின்றுபோகும். உங்கள் சர்க்யூட்டில் வெளியீடு மைனஸ் 24 வோல்ட்டில் போய் உட்காரும். இல்லாத ஆபத்தை நாமே விலைக்கு வாங்கியதாகிவிடும்.

ரெசிஸ்டர் மாற்றிய பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது, டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் பக்கத்தில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்தால் உடனே அணைத்துப் பற்றவைப்பைப் பாருங்கள். மங்கினால் பல்பை எடுத்துவிட்டு, 10 நிமிடம் கழித்து அளங்கள். 10 மில்லிவோல்ட்டுக்குள் வந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம். பழைய எண், புதிய எண் இரண்டையும் ரெக்கார்டு நோட்டில் கணக்கோடு எழுதுங்கள். வைவாவில் தேர்வாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.