நஞ்சுக்கொடியோடு போகும் சவ்வு

பசு கன்று ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். பிள்ளை பிறந்தால் குழி தோண்டிப் புதைப்பார்கள். இப்போது பிரசவம் ஆஸ்பத்திரியில். நஞ்சுக்கொடி கழிவோடு போய்விடுகிறது.

அதோடு ஒரு சவ்வும் போகிறது. வயிற்றில் குழந்தை பனிக்குட நீரில் மிதக்கிறது அல்லவா? அந்த நீரைத் தாங்கும் பையின் உள்தோல் அது. வெங்காயத்தின் உள்தோல் போல மெல்லியது. பெயர் பனிக்குடச் சவ்வு. புண்ணின் மேல் வைத்தால் வீக்கம் குறையும். புதுத்தோல் வளர இடம் கிடைக்கும். 1910இலேயே அமெரிக்காவில் இதைத் தோல் புண்ணுக்கு வைத்தார்கள். 1940இல் கண்ணுக்கும் வந்தது.

கண்ணுக்கு ஏன்? இடுக்கி மலைத் தோட்டங்களின் லயங்களில் வெற்றிலை போடாத பாட்டி உண்டா? பாலக்காட்டு எல்லை ஊர்களிலும் இதே கதைதான். சுண்ணாம்புப் பாக்கெட் திண்ணையில் கிடக்கும். குழந்தை எடுத்து அமுக்கும். சுண்ணாம்பு கண்ணில் பீய்ச்சி அடிக்கும். கண் வெந்துவிடும்.

உடனே இமையை விரித்துப் பிடிக்க வேண்டும். சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் விடாமல் ஊற்ற வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடக்கூடாது. பிறகு தாமதமின்றிக் கண் டாக்டரிடம் போக வேண்டும். இடுக்கிக்காரர்களுக்குத் தேனியும் மதுரையும் பக்கம். பாலக்காட்டுக்காரர்களுக்குக் கோயம்புத்தூர். மூன்று ஊரிலும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

கருவிழியைச் சுற்றி ஒரு விளிம்பு உண்டு. அது நாற்றங்கால் மாதிரி. கருவிழியின் மேல்தோலுக்கு வேண்டிய புது உயிரணுக்கள் அங்கேதான் பிறக்கின்றன. சுண்ணாம்பு அந்த நாற்றங்காலையே கருக்கிவிட்டால் வெள்ளை படரும். பார்வை மங்கும். இறந்தவரின் கருவிழியைத் தானமாக வாங்கி வைத்தாலும் நிலைப்பதில்லை.

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நோயாளியின் நல்ல கண்ணின் விளிம்பில் 2 மில்லிமீட்டர் துண்டு எடுத்தார்கள். அதை எட்டுப் பத்துப் பொடித் துணுக்குகளாக்கினார்கள். அடிபட்ட கண்ணின் மேல் பனிக்குடச் சவ்வை விரித்தார்கள். துணுக்குகளை அதன்மேல் தள்ளித் தள்ளி வைத்தார்கள். வயலில் நாற்று நடுவது போலத்தான்! மேல்தோல் பரவி வளர்ந்தது. சவ்வு நாளடைவில் கரைந்துபோனது. 2012இல் இந்த முறையை வெளியிட்டார்கள்.

இரண்டு கண்ணும் கருகியிருந்தால்? உறவினரின் கண்ணிலிருந்து எடுக்கலாம். ஆனால் பிறர் உயிரணுவை உடம்பு எதிரியாக நினைத்து அழிக்கப் பார்க்கும். பனிக்குட உயிரணுவிடம் மட்டும் உடம்புக்கு அவ்வளவு பகை இல்லை. 1981இல் பிரிட்டனில் தாமாக முன்வந்த சிலரின் தோலுக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். உடம்பு அதை உடனே தள்ளிவிடவில்லை.

அதனால் விஞ்ஞானிகளுக்கு ஒரு யோசனை வந்தது. மரபணுக் கோளாறால் வரும் நோய்கள் உண்டு. நல்ல மரபணுவைச் சுமந்து போகும் வண்டியாகப் பனிக்குட உயிரணு உதவுமா என்று பார்க்கிறார்கள். இது இன்னும் ஆராய்ச்சிதான். அட்டப்பாடியில் காணப்படும் அரிவாள் செல் நோயும் மரபணுக் கோளாறுதான். அதற்கான மரபணுச் சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டன் அனுமதி தந்தது. ஆனால் அதில் பயன்படுவது நோயாளியின் சொந்த உயிரணு. பனிக்குட உயிரணு அல்ல.

சவ்வைக் கொடுப்பதால் தாய்க்கோ பிள்ளைக்கோ வலி இல்லை. தாயின் சம்மதம் கட்டாயம் வேண்டும். அவர் ரத்தத்தில் எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகள் உண்டா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் ஆபரேஷன் பிரசவத்தில்தான் எடுப்பார்கள். அப்போது சவ்வு சுத்தமாகக் கிடைக்கும். பிள்ளையின் எதிர்காலத்துக்கு என்று சொல்லி, பணம் வாங்கிக்கொண்டு சவ்வைச் சேமித்து வைக்கும் வியாபாரத்துக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 விதிமுறை இடம் தரவில்லை.