ஸ்டெம் செல் தானமா? முதலில் விடுப்பைப் பேசுங்கள்

நோயாளிக்கு உடன்பிறந்தவரிடம்கூட ஸ்டெம் செல் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். அதற்காகவே 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்கள். பதிவு செய்ய, கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும்.

பொருத்தம் வந்தால் முதுகெலும்பில் துளைப்பார்கள் என்ற பயம் வேண்டாம். பெரும்பாலும் ஐந்து நாள் தோலடி ஊசி. பிறகு கைச் சிரையில் ரத்தம் எடுத்து, செல்லைப் பிரித்து, மீதியை உடம்புக்கே திருப்புவார்கள். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஊசி நாட்களில் எலும்பு வலி இருக்கும். எனவே ஒரு வாரம் விடுப்பு கேளுங்கள், கூச்சப்படாமல். திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஊழியர் என்றால் மனிதவளப் பிரிவிடம் எழுத்திலேயே வாங்கிவிடுங்கள்.

வீட்டாரின் பயத்தைப் பதிவுக்கு முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். ஏனெனில் நோயாளியின் எலும்பு மஜ்ஜையை மருந்தால் அழித்தபின் நீங்கள் பின்வாங்கினால் அவர் உயிருக்கே ஆபத்து.