பிறந்த வீட்டுக்கு வரும் பறவைகள்

நம்ம ஊர் குளத்தங்கரைப் புளியமரத்தில் கொக்குகள் கூடு கட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீங்க. எச்சம் நாறுது, கிளையை வெட்டணும்னு சில பேர் சொல்றாங்க. அதைக் கேட்டதும் கூந்தன்குளம் பற்றி எழுதணும்னு தோணிச்சு.

கூந்தன்குளம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ள சிறிய ஊர். அங்குள்ள குளங்கள் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு சுமார் 129 ஹெக்டேர். பிறகு உலக ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அரசு அறிவிக்கும் முன்பே ஊர் மக்கள்தான் பறவைகளைக் காப்பாற்றி வந்தாங்க.

அங்கே ஒரு வருஷம் எப்படிப் போகும் தெரியுமா? மழையைப் பொறுத்து மாதங்கள் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை பெய்யும். மழைத்தண்ணீரும் மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீரும் குளத்தை நிரப்பும். மீன் பெருகும்.

மார்கழி, தை: கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் கூடு கட்டும். குளத்து மரம் மட்டுமல்ல, வீட்டு வாசல் மரத்திலும் கட்டும்! வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வரும். அது இங்கே முட்டையிடாது, குளிர்காலம் தங்கிவிட்டுத் திரும்பிவிடும்.

மாசி, பங்குனி: நாரை முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வெயில் சுட்டால் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுக்கும். நம்ம அம்மா முந்தானையால் மூடுவது மாதிரி.

சித்திரை, வைகாசி: தண்ணீர் வற்றும்போது மீன்கள் ஒரே இடத்தில் சேரும். பிடிப்பது சுலபம். அதனால் வளரும் குஞ்சுக்கு நல்ல தீனி. காற்றில் சில குஞ்சுகள் கீழே விழுந்துவிடும். தாய்ப்பறவை தரைக்கு வந்து ஊட்டாது. அப்படியே விட்டால் செத்துப்போகும். அவற்றை எடுத்துக் கூண்டில் வைத்து மீன் போட்டு வளர்க்கிறாங்க. சிறகு முளைத்ததும் விட்டுடுவாங்க.

ஆனி, ஆடி: குஞ்சுகளோடு பறவைகள் கிளம்பிவிடும். மழை பொய்த்துக் குளம் நிரம்பாத வருஷம் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை.

பிரசவத்துக்கு வந்த மகள் மாதிரி அந்த ஊர்க்காரங்க பறவைகளை நினைக்கிறாங்க. பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அப்போ எச்சம்? அது குளத்தில் விழுந்து தண்ணீரிலும் வண்டலிலும் கலக்கும். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அதுவே அவங்க வயலுக்கு உரம். நாம் நாற்றம் என்பதை அவங்க விளைச்சல் என்கிறாங்க.

நம்ம புளியமரத்துக் கூடுகளில் இப்போ குஞ்சு இருக்கு, சத்தம் கேட்குது. அது பறக்கிற வரைக்குமாவது கிளையை வெட்ட வேண்டாம்னு உங்க வீட்டிலும் சொல்லுங்க. நான் எங்க ஆச்சிகிட்ட சொல்லிட்டேன். ஆச்சி, "மரத்தடி மண்ணை அள்ளிட்டு வா, கத்திரிச் செடிக்குப் போடலாம்" என்றாங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி