உப்புக்கு ஒரு நேரம், மசாலாவுக்கு ஒரு நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

டென்னசியில் நடக்கும் பார்பெக்யூ போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். பன்றி ரிப்ஸுக்கு மசாலாவை முந்தின இரவே தடவிவிடலாமா, புகையடுப்பில் ஏற்றும்போது தடவினால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். உப்பும் மசாலாவும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கிறவரை இதற்குச் சரியான பதில் கிடையாது. முதலில் இரண்டையும் பிரி. கடையில் ‘ரப்’ என்று விற்கும் பொடிகளை வாங்குவதை நிறுத்து. பெரும்பாலானவற்றில் உப்பும் சர்க்கரையும்தான் முன்வரிசையில் நிற்கும். உன் மசாலாவை உப்பில்லாமல் நீயே அரைத்துக்கொள்.

ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், தடவுகிற சரக்குகளில் இறைச்சிக்குள் ஒழுங்காக இறங்குவது உப்பு ஒன்றுதான். அது நீரில் கரைந்து மெல்ல உள்ளே போகும்; புரதத்தின் பிடியைத் தளர்த்தி, வேகும்போது சாறு ஓடிவிடாமல் காக்கும். பாப்ரிகாவின் நிறமும் மிளகாயின் காரமும் எண்ணெயில் கரைகிறவை. சதையோ முக்கால் பங்கு தண்ணீர். இரவெல்லாம் ஊறினாலும் அவை மேற்பரப்பிலேயேதான் உட்கார்ந்திருக்கும். சர்க்கரையும் உள்ளே அதிகம் போகாது. அது சதையிலிருந்து நீரை இழுத்துப் பாகாகி, காலையில் தட்டின் அடியில் தேங்கிக் கிடக்கும். நீ காசு கொடுத்து வாங்கிய மசாலாவில் பாதி அந்தப் பாகோடு போய்விடும்.

அப்படியானால் உப்பை மட்டும் முந்தின இரவே போடலாமே என்று கேட்பாய். பன்றித் தோளுக்கும் மாட்டு பிரிஸ்கட்டுக்கும் போடு; அவற்றின் கனத்துக்கு அந்த நேரம் தேவை. ரிப்ஸில் எலும்பின் மேல் இருப்பது ஒரு விரற்கடை சதை, ஓரத்தில் அதுகூட இல்லை. அதில் தாராளமாக உப்பிட்டு ராத்திரி முழுக்க வைத்தால் சதை இறுகி, கடிக்கும்போது ஹாம் போல இருக்கும். நம் பாட்டிமார் உப்புக்கண்டத்துக்கு வேண்டுமென்றே செய்ததை நீ தெரியாமல் செய்துவிடுவாய். பெரிய துண்டுகளுக்குச் சொன்ன விதியை ரிப்ஸுக்கும் நீட்டுவதுதான் இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

என் கணக்கு இது: எலும்போடு எடைபோட்டு, கிலோவுக்கு 5 முதல் 6 கிராம் உப்பு, அடுப்பில் ஏற்றுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறு. கோஷர் உப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் எடையில் ஒன்றாக இருக்காது. பின்பக்கச் சவ்வை முதலில் உரித்துவிடு. ஸ்பூனின் காம்பை எலும்புக்கும் சவ்வுக்கும் நடுவே நுழைத்துத் தூக்கி, வழுக்காமல் இருக்க டிஷ்யூ பேப்பரால் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் வரும். மெல்லிய முனைக்கு உப்பைக் குறைத்துப் போடு.

போட்ட பிறகு கடிகாரத்தைவிட சதையைப் பார். கால் மணி நேரத்தில் வியர்வை முத்து முத்தாகப் பூக்கும். பலர் இந்த இடத்தில் பயந்து துடைத்துவிடுகிறார்கள், உப்பும் துணியோடு போகிறது. துடைக்காதே. சற்று நேரத்தில் மேற்பரப்பு முழுக்க ஈரம் பளபளக்கும், அதன்பின் அந்த நீர் திரும்ப உள்ளே போகும். விரலை வைத்தால் லேசாக ஒட்டுகிற பதம் வரும்போது மசாலாவைத் தூவு. மஸ்டர்ட் தடவித்தான் தூவ வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. அந்த ஒட்டுப்பதம் வந்துவிட்டால் மஸ்டர்டுக்கு வேலையில்லை. இதெல்லாம் குளிரிலேயே நடக்கட்டும். வெளியே வைத்து ‘அறைச்சூட்டுக்கு’ கொண்டுவர வேண்டும் என்பது வீண் பேச்சு. குளிர்ந்த ஈரமான பரப்பில்தான் புகை நன்றாகப் படியும். வெட்டினால் தெரியும் அந்த ரோஸ் வளையமும் சதை ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் தொடும்வரைதான் பிடிக்கும். குளிராக ஏற்றினால் அதற்கு அவகாசம் கூடும்.

போட்டிக்கு வருவோம். உன் போட்டி கான்சாஸ் சிட்டி பார்பெக்யூ சொசைட்டி விதிப்படி நடப்பதானால், சோதனைக்காரர் வந்து பார்த்து முடிக்கும்வரை இறைச்சியில் எதுவும் படக்கூடாது. வெள்ளிக்கிழமையே சோதனை முடிந்துவிட்டால் கை துறுதுறுக்கும். அன்றிரவு ரிப்ஸைத் தொடாதே. வழக்கமான அட்டவணையில் சனிக்கிழமை பகல் 12:30-க்கு ரிப்ஸ் பெட்டி நடுவர் மேசைக்குப் போக வேண்டும். ஹிக்கரி விறகில் 110 முதல் 120 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் என்றால், ஆறு மணிக்கு அடுப்பில் ஏற்று. உப்புக்கு நாலு, நாலரைக்கு எழுந்தால் போதும். எலும்பிலிருந்து தானாக உதிர்கிற ரிப்ஸுக்கு அங்கே மதிப்பெண் குறையும். கடித்த இடம் மட்டும் சுத்தமாக வர வேண்டும்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ரிப்ஸுக்கு மூன்றாவதாக ஒரு நேரமும் உண்டு: வெந்த பிறகு. மெம்பிஸில் சார்லி வெர்கோஸ் 1948-ல் தொடங்கிய ராந்தேவு உணவகத்தில் ரிப்ஸைக் கரியனலில் வாட்டி, வினிகர் கலந்த நீரைப் பூசி, பரிமாறும் முன்தான் மசாலாவைத் தூவுகிறார்கள். அவர் கிரேக்க வம்சாவளி என்பதால் அதில் ஒரிகானோ வாசனை தூக்கலாக இருக்கும். அது புகைபோட்ட ரிப்ஸ் அல்ல. இருந்தாலும் பாடம் உனக்கும் பொருந்தும். அலுமினியத் தாளில் சுற்றி வேகவைக்கும் முறையில் நீராவி உன் மசாலாவையும் பொருக்கையும் கழுவிவிடும். தாளைப் பிரித்த பிறகு மெல்லிசாக இன்னொரு தூவல் கொடு. நைசாக அரைத்ததாக இருக்கட்டும், கரகரப்பாக இருந்தால் பல்லில் நெறநெறக்கும். இனிப்புச் சாஸ் பூசுவதானால் கடைசி அரைமணியில் பூசு.

கடைசியாக ஒன்று. ரிப்ஸ் வாங்கும்போது உறையில் உள்ள பொடி எழுத்தைப் படி. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் உப்புக் கரைசல் ஊசிபோட்ட பன்றி இறைச்சி நிறைய விற்கிறது. இத்தனை சதவீதக் கரைசல் சேர்க்கப்பட்டது என்று உறையிலேயே இருக்கும். அதற்கு நான் மேலே சொன்ன உப்புக் கணக்கு எதுவும் செல்லாது, மசாலா மட்டும் போடு. சந்தேகம் இருந்தால் வாங்கும் முன் உறையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்