ஹாலோவீன் இரவும் நமது கடைகளும்

 

அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள பேரங்காடிகளில் பூசணிக்காய் உருவங்களும் எலும்புக்கூட்டுப் பொம்மைகளும் தொங்கத் தொடங்குகின்றன. சரக்குப் போடுகிறவர் நமது கடைக்கு வந்து, முகமூடியும் மிட்டாய்ப் பெட்டியும் காட்டி, "எத்தனை டஜன் வேண்டும், பாய்?" என்று கேட்கிறார். வீட்டிலோ, "என் கூட்டாளி வேஷம் போட்டுக்கொண்டு போகிறான், நானும் போகட்டுமா அத்தா?" என்று பிள்ளை கேட்கிறது. இரண்டுக்கும் "கூடாது" என்று சொல்லி முடித்துக் கொள்வது எளிது. ஆனால் காரணம் தெரியாமல் சொன்ன சொல் பிள்ளையின் மனத்தில் நிற்பதில்லை. ஆகையால் இதன் வரலாற்றையும், இதனைப் பற்றிச் சமயத்தார் கொண்டுள்ள கருத்துகளையும் இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

இதன் பிறப்பு

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த பழங்குடியினர் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை விழாவாகக் கொண்டாடினர். அந்த இரவில் ஆவிகள் நடமாடும் என்பது அவர்களது நம்பிக்கை. பின்னர் கிறிஸ்தவ சமயம் பரவிற்று. 9ஆம் நூற்றாண்டில் நவம்பர் 1ஆம் தேதி எல்லாப் புனிதர்களின் திருநாளாக மேற்கு ஐரோப்பாவில் நிலைபெற்றது. அடுத்த நாள் மரித்தோருக்காகப் பிரார்த்திக்கும் நாளாயிற்று. ஹாலோவீன் என்ற சொல்லுக்குப் புனிதர் திருநாளின் முன்னிரவு என்பதே பொருள்.

இங்கிலாந்தில் அந்நாட்களில் ஏழைகள் வீடு வீடாகச் செல்வர். வீட்டார் அவர்களுக்குச் சிறு ரொட்டி கொடுப்பர். வாங்கியவர் அவ்வீட்டில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்திப்பார். ஆகவே கதவு தட்டும் வழக்கத்தின் ஒரு வேர் பிச்சையும் பிரார்த்தனையும் ஆகும்.

வழக்கம் மாறிய விதம்

16ஆம் நூற்றாண்டில் தோன்றிய புராட்டஸ்டண்ட் பிரிவினர், இறந்தவருக்காகப் பிரார்த்திக்கும் கொள்கையை மறுத்தனர். பல இடங்களில் பிரார்த்தனை போயிற்று. பண்டம் வாங்கும் பழக்கம் மட்டும் எஞ்சிற்று. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்கள் அமெரிக்காவில் குடியேறியபோது அதனையும் உடன் கொண்டு சென்றனர். ஊரில் முள்ளங்கி இனத்துக் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அங்கே மலிவாகக் கிடைத்த பூசணிக்காயைக் குடைந்தனர்.

"இனிப்புத் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?" என்று பிள்ளைகள் கேட்கும் வழக்கம் 1920களில் கனடா நாட்டுச் செய்தித்தாள்களில் காணப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. 1947இல் அது நீங்கியதும் மிட்டாய்க் கம்பெனிகள் விளம்பரத்தில் இறங்கின. 1950இல் பிலடெல்பியாவில் ஒரு பாதிரியாரின் குடும்பத்தார், பிள்ளைகளைக் கொண்டு இனிப்புக்குப் பதிலாகக் காசு திரட்டி, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்கு அனுப்பினர். அந்த நற்செயல் பின்னர் நாடெங்கும் பரவிற்று.

1982இல் சிகாகோ வட்டாரத்தில் வலி மாத்திரையில் எவனோ விஷம் கலந்ததால் 7 பேர் மாண்டனர். அதன்பின் அயலார் தரும் மிட்டாயைக் கண்டும் பெற்றோர் அஞ்சினர். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் அறிஞர் பல்லாண்டுச் செய்திகளை ஆராய்ந்து, முன்பின் அறியாதவர் தந்த ஹாலோவீன் மிட்டாயின் விஷத்தால் எந்தக் குழந்தையும் இறந்ததற்கு உறுதியான சான்றில்லை என்று காட்டினார். ஆயினும் அச்சம் நீங்கவில்லை. இன்று பல ஊர்களில் பிள்ளைகள் தெருவில் அலைவதற்குப் பதிலாக, மாதாகோயில் வளாகத்தில் வரிசையாக நிறுத்திய கார்களின் பின்பெட்டியிலிருந்து மிட்டாய் வாங்குகின்றனர்.

சமயத்தாரின் கருத்து

கிறிஸ்தவர்களே இதில் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். சிலர் இதனைப் பிள்ளை விளையாட்டு என்கின்றனர். சிலர் பேய் வழிபாட்டின் மிச்சமென்று விலக்கி, அன்றிரவு அறுவடை விழா நடத்துகின்றனர். கட்டுப்பாடுள்ள யூதர்களும் பிற சமயச் சடங்கைப் பின்பற்றலாகாது என்று பெரும்பாலும் ஒதுங்குகின்றனர்.

நமது மார்க்கத்தில், மலேசியத் தேசிய ஃபத்வாக் குழு இதனை முஸ்லிம்கள் கொண்டாடுவது கூடாதென்று தீர்ப்பளித்துள்ளது. மரணம் நமக்குக் கேலிப்பொருள் அன்று. கப்ரு நமக்கு மறுமையின் முதற்படி. பிறரது சமயச் சின்னங்களை மேற்கொள்ள வேண்டாமென்ற நபிமொழியும் நமக்குண்டு.

ஆனால் குழந்தைகள் கதவு தட்டி இனிப்பு வாங்குவதே குற்றம் என்று எண்ணிவிடலாகாது. ஐக்கிய அரபு நாடுகளில் ஷஅபான் நடுவிலும், குவைத், பஹ்ரைன் நாடுகளில் ரமலான் நடுவிலும் பிள்ளைகள் பையேந்தி வீடு வீடாகச் சென்று மிட்டாயும் கொட்டைப் பருப்பும் பெறுகின்றனர். நமது ஊர்கள் பலவற்றிலும் பராஅத் இரவில் யாஸீன் ஓதி, மரித்தோருக்காக துஆச் செய்து, பண்டம் பங்கிட்டு வந்தனர். இவற்றைப் பற்றியும் ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் கொடுப்பது தவறன்று. எந்த நம்பிக்கைக்காகக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, நம் பிள்ளைகளை வேஷமிட்டு அனுப்ப வேண்டாம். ஏன் அனுப்பவில்லை என்பதை மடியில் வைத்துச் சொல்லிக் கொடுப்போம்.

இரண்டாவது, அண்டை வீட்டுக் குழந்தை அன்று கதவைத் தட்டினால் என்ன செய்வது? கொடுப்பது பண்டிகைக்குத் துணைபோவதாகும் என்பர் சில ஆலிம்கள். அண்டை வீட்டாரின் உரிமை என்ற நிய்யத்தில் கொடுக்கலாம் என்பர் வேறு சிலர். எதனைப் பின்பற்றினும் முகஞ்சுளித்துக் கதவடைக்க வேண்டாம். நமது பெருநாளில் அந்தக் குழந்தையை அழைத்து விருந்தளிப்போம்.

மூன்றாவது, சரக்கு. மிட்டாயும் பூசணிக்காயும் எந்நாளும் விற்கும் பொருள்கள். மிட்டாயில் ஜெலட்டின் இருந்தால் ஹலால் முத்திரையைப் பார்த்துக் கொள்வோம். பேய் முகமூடியும் சூனியப் பொம்மையும் அந்த இரவுக்கென்றே வருபவை. அவற்றின் லாபம் சிலநாள் லாபம். நம் பெட்டியில் அது வேண்டாம். ஐயமுள்ளவர் தம் ஆலிமைக் கேட்டுத் தெளிக.

இறுதியாக ஒன்று. அமெரிக்கச் சில்லறை வியாபாரிகளின் சங்கம் 2023ஆம் ஆண்டின் ஹாலோவீன் செலவை 1,220 கோடி டாலர் என மதிப்பிட்டது. ஏழைக்கு ரொட்டி கொடுத்துத் துஆப் பெற்ற இரவில் துஆ போயிற்று, ஏழையும் போனான், வியாபாரம் மட்டும் நின்றது. இதைக் கண்டு நகைக்குமுன் நமது ரமலானைப் பார்ப்போம். கடைசிப் பத்து இரவுகளில் நம் கடைகளில் நிற்கும் கூட்டம் எவ்வளவு? தராவீஹில் நமது வரிசை எவ்வளவு? கடைப் பையன்களைத் தொழுகைக்கு விடுகிறோமா? ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோமா? பிறர் பண்டிகை வெறும் விற்பனையானது அவர்களது நஷ்டம். நமது பண்டிகை அவ்வாறாகுமாயின், வியாபாரிகளாகிய நாமே அதற்கு முதற்பொறுப்பாளிகள்.

வல்ல அல்லாஹ் நமது சம்பாத்தியத்தில் பரக்கத்தும், நமது வீடுகளில் ஈமானும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.