800 மில்லிவோல்ட் எத்தனை டிகிரி?

மாணவர்களே! கருவி ஒன்றிலுள்ள வெப்ப உணரி 800 மில்லிவோல்ட் தருகிறது. வெப்பநிலை எவ்வளவு?

உணரி எல்.எம்.35 ஆனால் 80 டிகிரி செல்சியஸ், டி.எம்.பி.36 ஆனால் 30 டிகிரிதான். இரண்டிலும் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் கூடும். ஆனால், டி.எம்.பி.36 சுழி டிகிரியிலேயே 500 மில்லிவோல்ட் தரும்.

லினக்ஸ் இயக்க அமைப்பின் மையப் பகுதியான கெர்னல் இந்த வேறுபாட்டைத் தானாக அறியாது. எனவே, எந்த அளவுக்கு எத்தனை டிகிரி, எத்தனை டிகிரியில் விசிறி சுழல வேண்டும் என்பவற்றை ‘டிவைஸ் ட்ரீ’ என்னும் விவரக் கோப்பில் எழுதி வைக்கிறார்கள். டிரைவர் நிரல் அதன்படியே கணக்கிடுகிறது.

எல்.எம்.35 உள்ள கருவிக்கு டி.எம்.பி.36-இன் அட்டவணையை எழுதிவிட்டால்? சில்லு 80 டிகிரியில் தகிக்கும்போதும் கெர்னல் 30 என்றே நம்பும், விசிறி சுழலாது! சில்லு 60 டிகிரியில் இருந்தால் கெர்னல் எவ்வளவு என்று கொள்ளும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.